மேசைக்கு அடியில் இருந்தவர்கள்

"ரெண்டு கையாலயும் பிடிக்கணும். பூப்பறிக்கிற மாதிரி பிடிச்சா மேசை நகராது" என்றார் அத்தான். யாரைச் சொல்கிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மேசையின் ஒரு மூலையை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டிருந்த ஓவியன் மட்டும், பக்கத்து வீட்டுக்காரரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவரைக் கண்டிப்போடு பார்த்தான்.

முந்தின நாள் மாலை அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவளுக்கு மூச்சுத்திணறல் என்றார்கள், அதற்குமேல் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்று அக்காவுக்கு ஃபோன் வந்திருந்தது. அது வந்து நிற்பதற்குள் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். கூடத்தில் பாதியை இந்தச் சாப்பாட்டு மேசைதான் அடைத்துக்கொண்டிருந்தது.

ஓவியன் காலையில்தான் காரில் வந்து இறங்கினான். வந்ததிலிருந்து சும்மா இருக்கவில்லை. அழுதானா என்றால் அதுவும் இல்லை. கோணலாகத் தொங்கிய ஜன்னல் திரையை இழுத்து நேராக்கினான். வாசலில் இறக்கிக்கொண்டிருந்த சிவப்பு நாற்காலிகளைப் பார்த்து "வெள்ளை கிடைக்கலையா?" என்று கேட்டான். அம்மா வாயைத் திறந்து சிரிக்கிற கலர்ப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி அக்கா கொடுத்திருந்தாள். அவன் ஸ்டுடியோவுக்கு ஃபோன் செய்து அதை நிறுத்தினான். "சாவு வீட்டுல இவ்வளவு பல்லு எதுக்கு?" என்று சொல்லி, வேறொரு படத்தை எடுத்து, பின்னணியை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பினான். சட்டம் போட்டு வந்த அந்தப் படத்தில் அம்மா, பரீட்சையில் காப்பியடிப்பவர்களைப் பிடிக்க வந்த அதிகாரியைப் போல இருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு "இது யாரு, அவங்க அக்காவா?" என்று கேட்டாள்.

அவன் ஓவியக் கல்லூரியில் பேராசிரியர். இரண்டு பரிசுகள் வாங்கியவன். அப்பா குடிநீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா பியூட்டி பார்லர் நடத்துகிறாள். அத்தானுக்குக் குழாய்க் கடை. இப்படிப்பட்ட வீட்டில் தான் வந்து பிறந்ததை அவனால் இன்றுவரை மன்னிக்க முடிந்ததில்லை. ஒரு பத்திரிகைப் பேட்டியில் 'வறண்ட மண்ணில் முளைத்தவன் நான்' என்று சொல்லியிருந்தான். அம்மா அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி வந்து, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு, "வறண்ட மண்ணுங்கிறது யாருடி, நானா உங்கப்பாவா?" என்று அக்காவிடம் கேட்டாள்.

மேசை நிமிர்ந்த வாக்கில் வாசலுக்குள் நுழையவில்லை. கால்கள் வாசற்படியில் இடித்தன. பக்கவாட்டில் சாய்த்தும் நுழையவில்லை.

"கவுத்துத்தான் ஆகணும்" என்றார் அத்தான். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா தலையை ஆட்டினார். இந்தப் பார்வைப் போக்குவரத்து ஓவியனின் கண்ணில் படவில்லை. அவன் தன் சட்டைக் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மேசையைக் கவிழ்த்தார்கள். நான்கு காலும் மேலே பார்த்தன. பலகையின் அடிப்பக்கம் முழுக்க ஓர் ஓவியம் இருந்தது.

பளபளவென்று இருந்தது. சிவப்பு, ஊதா, மாதுளை நிறம், மீன் செதிள் போல மினுங்கும் ஒரு வெள்ளி. ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் இடுப்புக்கு மேலே யாரும் இல்லை. தரையில் படுத்துக்கொண்டு பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் இருந்தது. ஒரு வயதான கால், அதன் கட்டைவிரல் மற்றக் காலின் கணுக்காலைச் சொறிகிறது. பக்கத்தில் ஒரு கை யாருக்கும் தெரியாமல் பூனைக்கு ரொட்டித் துண்டை நீட்டுகிறது. அந்தப் பூனையின் தலை பலகையிலிருந்து புடைத்துக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தால் அது யாரோ மென்று ஒட்டிவைத்த சூயிங்கம். அதைச் சுரண்டி எடுப்பதற்குப் பதிலாகக் காது வைத்து, மீசை வைத்து, பூனையாக்கியிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்ட இரண்டு தடித்த பாதங்களுக்கு மேலே ஒரு கை மறைவாக ஃபோனைப் பிடித்திருந்தது. விரலுக்கு ஒரு நிறமாக நகச்சாயம் பூசிய பெண் கால் ஒன்று அந்தத் தடித்த காலை உதைத்துக்கொண்டிருந்தது.

அக்காவின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"யார் வரைஞ்சது?" என்று கேட்டான் ஓவியன்.

"யாரு வரைவாங்க? பாட்டிதான்" என்றாள் மகள்.

அவன் முதலில் மூக்கைச் சுளித்தான். அவன் மூக்கு அதற்குப் பழகிய மூக்கு. 'வெகுளி ஓவியம், பயிற்சி இல்லாத கை' என்று மனசுக்குள் சீட்டு எழுதி ஒட்டினான். பிறகு மண்டியிட்டு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது என்ன பெயின்ட்?"

"நெயில் பாலிஷ்" என்றாள் அக்கா. "பார்லர்ல அடியில மிஞ்சினது, காஞ்சு போனது எல்லாம் அம்மாவுக்குத்தான். கறுப்புக் கோடெல்லாம் புருவம் வரையிற பென்சில்."

நெயில் பாலிஷ்! சிரிக்கலாம் என்று பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அந்தச் சொறிகிற கட்டைவிரலைப் பார்க்கப் பார்க்க அப்பாவின் முகம், குரல், இருமல் எல்லாம் வந்து நின்றது. அவன் கடைசியாக வைத்த கண்காட்சியில் பதினைந்து சாம்பல் நிறச் சதுரங்கள் இருந்தன. பார்க்க வந்தவர்கள் சமோசா இருக்கும் மேசை எங்கே என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக ஒரு கோடுகூட உருப்படியாக வரவில்லை. அடுத்த மாதம் ஒரு கண்காட்சிக்குத் தேதி குறித்து, காட்சிக்கூடமும் பிடித்தாகிவிட்டது. மாட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பொறாமை நெஞ்சில் அமில எரிச்சலாக ஏறியது. செத்துக் கிடப்பவள் மேல் பொறாமைப்படுகிறோமே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு நாள் இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றுதான் தோன்றியது.

மேசையை வாசலில் கொண்டுபோய்க் கால் மேலே இருக்கும்படியே போட்டார்கள். வண்டி வந்துவிட்டது.

அம்மாவைக் கூடத்தில் கிடத்தினார்கள். அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து அவளுடைய நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். அக்கா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஓவியனும் கைகட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றான். துக்கம் எந்தக் கோணத்தில் நன்றாகத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். கண் மட்டும் அடிக்கடி ஜன்னல் வழியே வாசலுக்குப் போய் வந்தது. யாராவது மேசைமேல் பையை வைத்துவிடப் போகிறார்களே என்ற கவலை.

வந்தவர்கள் உள்ளே போய் அம்மாவைப் பார்த்தார்கள், வெளியே வந்து மேசையைப் பார்த்தார்கள். உள்ளே அழுதவர்கள் வெளியே சிரித்தார்கள். அத்தானின் கடைப் பையன்கள் முதலாளியின் காலைக் கண்டுபிடித்து, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்று குலுங்கினார்கள். அத்தான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

கல்லூரியிலிருந்து துறைத்தலைவர் மலர் வளையத்தோடு வந்தபோது ஓவியனுக்கு உயிர் வந்தது. காலையிலிருந்து அவனுக்கு நாவு அரித்துக்கொண்டிருந்தது. பேச்சுத் துணைக்கு ஏற்ற ஆள் இப்போதுதான் கிடைத்தார். அவரை நேராக மேசையிடம் அழைத்து வந்தான்.

"என் தாயாரின் படைப்பு, சார். இன்று காலை நான் கண்டெடுத்தேன்" என்றான். ஏதோ நிலத்தைத் தோண்டி எடுத்தவன்போல் கையை வேறு விரித்தான்.

பாடம் தொடங்கியது. மேலே நாகரிகமாகச் சாப்பிடும் மனிதர்களின் மறைவான வாழ்க்கையை இது கீழிருந்து விசாரிக்கிறது என்றான். இந்தத் தடித்த கால் வணிகத்தின் கால் என்றான். வணிகத்தின் கால்களுக்கு உரியவர் தண்ணீர்க் கேனைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தார். துறைத்தலைவர் 'உம், உம்' என்று தலையாட்டினார். அப்பா, அக்கா, அக்காவின் மகள், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"ஆனால் இந்தப் படத்தின் உச்சம் இங்கேதான் இருக்கிறது" என்று சொல்லி ஓவியன் ஐந்தாவது நாற்காலியைச் சுட்டிக்காட்டினான். அங்கே ஒரு ஜோடிக் கறுப்பு ஷூக்கள் இருந்தன. "கவனியுங்கள் சார். மற்ற எல்லோரும் வெறுங்காலோடு இருக்கிறார்கள். இவன் ஒருவன் மட்டும் ஷூவோடு உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்களின் கால்விரல் எல்லாம் மேசையின் நடுவைப் பார்க்கிறது, இவனுடையது வாசல் கதவைப் பார்க்கிறது. குதிகால் தரையில் படவே இல்லை. எழுந்துபோக ஒரு சாக்குத் தேடுகிறான். சோறு போடுகிறவள்மேல் எவ்வளவு ஏளனம் பாருங்கள்! முகத்தைக் காட்டாமலே ஒரு அற்பனை இதைவிடச் சிறப்பாக வரைய முடியாது."

"அற்புதம்" என்றார் துறைத்தலைவர். "யார் இது? வட்டிக்காரனா?"

"அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன்" என்று ஓவியன் அக்காவிடம் திரும்பினான். "இது யாரு? இப்படி ஒரு ஆள் நம்ம வீட்டுக்கு வந்து போவானா?"

அக்கா தரையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார், அப்புறம் அவசர வேலை ஏதோ நினைவு வந்தவராக உள்ளே போனார்.

"மாமா" என்றாள் அக்காவின் மகள். "உங்க இடது காலைக் கொஞ்சம் தூக்குங்களேன்."

"எதுக்கு?"

"தூக்குங்க, சொல்றேன்."

அவன் தூக்கினான். இடது ஷூவின் குதிகால் வெளிப்புறமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. நடக்கக் கற்றதிலிருந்து அவன் அப்படித்தான் நடக்கிறான். படத்தில் இருந்த இடது ஷூவும் அதே இடத்தில், அதே சாய்வில் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானத்தை அம்மா புருவப் பென்சிலால் நிதானமாகத் தீட்டியிருந்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், குதிகாலும் தெரியாது போலிருக்கிறது.

துறைத்தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் அப்போ... வகுப்பு இருக்கு" என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

அவர் போனதும் ஓவியன் அக்காவை ஓரமாக அழைத்துக்கொண்டு போனான்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"நீ எங்கடா இருந்தே சொல்றதுக்கு? நீ காலேஜுக்குப் போனப்புறம் வாங்கின மேசை இது. அப்பாவுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு, கெட்டித் தரையில படுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த மேசைக்குக் கீழதான் காத்து வரும், அங்கேயே படுப்பாரு. நாள் முழுக்கப் பலகையையே வெறிச்சுப் பாக்கறாரேன்னு அம்மா என் நெயில் பாலிஷை எடுத்து ஆரம்பிச்சா. எல்லாரும் மேல நல்லவங்க மாதிரிதான் உக்காந்திருக்கீங்க, கீழ வந்து துடைக்கிறவளுக்குத்தான் உங்க லட்சணம் தெரியும்னு சொல்லிச் சொல்லி வரைவா. ஆளு மாற மாற காலையும் மாத்துவா. என் பொண்ணு கால் வளர வளர எத்தனை தடவை மாத்தியிருக்கா தெரியுமா? நாங்கெல்லாம் வரிசையா படுத்துக்கிட்டுப் பாத்துச் சிரிப்போம்."

"நான் ஓவியன். வீட்டிலேயே ஒரு ஓவியன் இருக்கும்போது..."

"அதனாலதான். அவன்கிட்ட காட்டாதீங்க, திருத்துவான்னு சொன்னா."

"நான் எதுக்குத் திருத்தப் போறேன்?"

அக்கா, கூடத்தில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மானமுள்ளவன் என்றால் அந்த இடத்தில் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்திருப்பான். ஓவியன் தன் காருக்குப் பின்னால் போய் காட்சிக்கூடத்துக்காரருக்கு ஃபோன் செய்தான். அம்மா இறந்த செய்தியை ஒரு வாக்கியத்தில் சொன்னான். மேசையைப் பற்றி நிறுத்தாமல் சொன்னான். 'அன்னையின் மேசை' என்று தலைப்புகூட வைத்துவிட்டான். சாம்பல் சதுரங்கள் வேண்டாம், இந்த ஒன்றை மட்டும் கூடத்தின் நடுவில் வைப்போம், கண்டெடுத்த மகனின் கட்டுரை சுவரில் இருக்கட்டும் என்றான்.

"பிரமாதம் சார்" என்றது மறுமுனை. "எங்க கூடத்துக்கு இந்த மாதிரி ஒண்ணு வந்ததே இல்ல. குடும்பத்துல எல்லாரும் இருக்காங்களா அதுல?"

"எல்லாரும்."

"அப்போ உங்க கால் எது சார்? பத்திரிகைக்காரன் வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பான். அது பக்கத்துலயே உங்களை நிக்க வச்சு ஒரு படம் எடுத்துடலாம்."

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி ஓவியன் ஃபோனை வைத்தான்.

மதியத்துக்கு மேல் அம்மாவை எடுத்துப்போய் எரித்துவிட்டு வந்தார்கள். ஓவியன் அங்கேயும் ஒன்றிரண்டு திருத்தங்கள் சொன்னான், யாரும் காதில் வாங்கவில்லை. திரும்பி வந்ததும் அத்தானும் பையன்களும் மேசையை உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் நிமிர்த்திப் போட்டார்கள். ஐந்து நாற்காலிகளையும் சுற்றிப் போட்டார்கள். அம்மாவுக்கு அந்த மேசையில் நாற்காலி இருந்ததில்லை. அவள் நின்றுகொண்டே பரிமாறுவாள், அப்புறம் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். படத்திலும் அவள் கால் இல்லை. இதைப் பற்றி ஓவியன் கட்டுரையில் ஒரு பத்தி எழுதலாம் என்று குறித்துக்கொண்டான். அவளை உட்காரச் சொன்னதாக ஒரு வரி அதில் சேர்க்க முடியுமா என்றும் யோசித்தான்.

அப்பா தனியாகக் கிடைத்த நேரம் பார்த்துக் கேட்டான்.

"இந்த மேசை எனக்கு வேணும்ப்பா. அம்மாவை உலகமே பாக்கும். நாளைக்கே வண்டி அனுப்பச் சொல்றேன்."

அப்பா வெகுநேரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் நான் எதைப் பாத்துட்டுப் படுக்கறது?" என்று கேட்டார்.

"நல்ல கட்டில் ஒண்ணு வாங்கித் தர்றேன்."

"கட்டிலா?" அப்பா சிரிக்கிற மாதிரி வாயைக் கோணினார். "அவ இருந்தா குடுத்திருக்க மாட்டா. வறண்ட மண்ணுல எதுக்குடா வந்து தோண்டறேன்னு கேட்டிருப்பா. நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்ல. நாலு பேர் பாத்துச் சிரிச்சா அவளுக்கும் சந்தோஷந்தான். எடுத்துக்கோ. ஒண்ணு மட்டும். அதுல கைவைக்காதே. அவ எப்படி வச்சாளோ அப்படியே இருக்கட்டும்."

"நான் ஏம்ப்பா கைவைக்கப் போறேன்?" என்றான் ஓவியன். அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பெருந்தன்மையாக நினைப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

கடைசியாக வந்தவர்களை வழியனுப்ப எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். கூடத்தில் ஓவியன் மட்டும் இருந்தான். அக்காவின் தோள்பை அலமாரி மேல் கிடந்தது. பார்லர்காரியின் பையில் நெயில் பாலிஷ் ரிமூவரும் பஞ்சும் இல்லாமல் இருக்காது. எடுத்தான். வாசலை எட்டிப் பார்த்தான். பிறகு, கல்லூரியில் நாற்காலியின் தூசியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்காருகிற அந்த மனிதன், நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து தரையில் மல்லாந்து படுத்தான்.

ஷூவை மட்டும்தான் எடுக்கப் போகிறான். ஒரு வெற்று நாற்காலி. யாராவது கேட்டால், 'தொலைதூரத்தில் இருந்த மகனுக்காகத் தாய் காத்து வைத்த இடம்' என்று சொல்லிவிடலாம். படத்துக்கும் அது நல்லதுதான், ஓர் ஓய்வு கிடைக்கும் என்று தனக்குத்தானே வகுப்பெடுத்துக்கொண்டான். பஞ்சை நனைத்துத் தேய்த்தான். காட்டமான வாடை கண்ணை எரித்தது. கறுப்பு இளகிப் பஞ்சில் ஏறியது. தேய்ந்த குதிகால்தான் முதலில் மறைந்தது.

அடியில் பலகை தெரியவில்லை. பழுப்பு நிற ஷூ ஒன்று தெரிந்தது. அவன் முதல் பரிசு வாங்கிய வருஷம் போட்டிருந்தது. அதுவும் வாசலைத்தான் பார்த்தது. இடது குதிகால் அங்கேயும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. "விட மாட்டியே" என்று பல்லைக் கடித்தபடி முனகினான். வேறு பஞ்சு எடுத்துத் தேய்த்தான். பழுப்புக்கு அடியில் நீலக் கான்வாஸ் ஷூ இருந்தது, கல்லூரியிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது போட்டுக்கொண்டு வந்தது. நாடாவைக் கட்டி அவிழ்க்கச் சோம்பல்பட்டு வீட்டுக்குள்ளும் அதோடுதான் திரிந்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் வந்துபோன பிறகு, அவள் இங்கே மல்லாந்து படுத்து, அவனுக்கு ஷூ மாற்றியிருக்கிறாள். அவனுக்கு ஆத்திரம் வந்தது. கையை அழுத்தித் தேய்த்தான். நீலமும் கரைந்தது.

நீலத்துக்கு அடியில் ஷூ இல்லை. தோல் நிறத்தில் ஏதோ இருந்தது. அது என்னவென்று மூளைக்கு எட்டுவதற்குள் கை ஒருமுறை போய் வந்துவிட்டது. இரண்டு சின்னப் பாதங்கள். தரைக்கு எட்டாமல் நாற்காலியிலிருந்து தொங்குகிற, ஏழெட்டு வயதுப் பையனின் வெறும் பாதங்கள். விரல்கள் எல்லாம் மேசையின் நடுவைப் பார்த்துக்கொண்டு, ஒன்றோடொன்று உரசி விளையாடிக்கொண்டு. அவன் ஊரைவிட்டுப் போனதும், அவன் இல்லாத நாற்காலியில் அவள் முதன்முதலில் உட்கார வைத்தது இவனைத்தான். ஒரு பாதம் ஏற்கெனவே பஞ்சோடு வந்துவிட்டிருந்தது. மற்றதன்மேல் ரிமூவர் வழிந்து, விரல்கள் ஒன்றாகக் கலந்துகொண்டிருந்தன. அவன் விரல் நுனியால் அதைத் தடுத்துப் பிடிக்கப் பார்த்தான். விரல் பட்ட இடத்தில் அதுவும் வழுக்கிக்கொண்டு போயிற்று. பலகை தெரிந்தது.

வாசல் கதவு திறந்தது. பேச்சுக் குரல்கள் உள்ளே வந்தன.

"எதுனா ரெண்டு வாய் சாப்பிடுங்கப்பா. காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல நீங்க" என்றாள் அக்கா.

நாற்காலிகள் இழுபட்டன. அவன் வெளியே வருவதற்கு முன்னால் கால்கள் வந்துவிட்டன. அப்பாவின் கால்கள் அவன் தலைக்கு அருகே வந்து நின்றன. கட்டைவிரல் தானாக மற்றக் கணுக்காலுக்குப் போய்ச் சொறிய ஆரம்பித்தது. அத்தான் செருப்பைக் கழற்றினார். விரலுக்கொரு நிறமாக அக்காவின் பாதங்கள் வந்தன. மகள் வந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி மடக்கிக்கொண்டாள். மேலே தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னமோ பார்லர் வாடை அடிக்குதே" என்றார் அத்தான்.

"என் மேலயே இருக்கும். எங்க போகும் அது?" என்றாள் அக்கா.

"அவன் எங்க?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலப்பா. கிளம்பியிருப்பான்."

அப்பாவின் கட்டைவிரல் சொறிவதை நிறுத்தியது.

"சொல்லிட்டுப் போனானா?"

அக்காவின் கால் எதையும் உதைக்காமல் தரையில் அப்படியே இருந்தது. அத்தான் தட்டை நகர்த்தினார்.

"சரி விடுங்க. சாப்பிட்டுட்டு நான் கொஞ்ச நேரம் கீழ படுக்கறேன்" என்றார் அப்பா.

ஓவியன் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தான். அவனுக்கு நேர் எதிரே ஐந்தாவது நாற்காலியின் நான்கு மரக்கால்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே மதியத்துக்கு மேல் கழுவிவிட்ட தரை வெறுமையாகக் கிடந்தது. மேலே பலகையிலிருந்து ஒரு சொட்டு, தோலும் நீலமும் கலந்த நிறத்தில், அவன் சட்டைமேல் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.